மூன்றாம் வார்டு அக்கா எடுக்க மறுத்த பை

நாறிக் கிடந்த பக்கெட்டை அலுவலகத்துக்குள் தூக்கி வந்த அன்றும், மூன்றாம் வார்டு அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். என் மேசைக்கு முன்னால் பக்கெட்டை இறக்கி, மேலே கிடந்த துணியை விலக்கினார். சாக்கடையில் ஊறி, தலையணை போல் உப்பிப்போன டயபர்கள். அவற்றின் நடுவே முடிச்சு அவிழாமல் கிடந்த பச்சை நிறப் பையை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அது என் வீட்டுப் பை.

பெரம்பலூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய பேரூராட்சி. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. நான் அங்கே இளநிலை உதவியாளர். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அக்கா, நாங்கள் குடியிருந்த மூன்றாம் வார்டின் தூய்மைப் பணியாளர். வயதில் என்னைவிட இரண்டு மூன்று ஆண்டுகள்தான் மூத்தவர். அவருக்கும் கைக்குழந்தை இருந்தது. அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் மூன்றாம் வார்டு அக்கா.

அந்த வாரம் பெய்த மழையில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, கழிவுநீர் வீட்டு வாசல்கள்வரை வந்துவிட்டது. அக்கா டயபர் பைகளை வண்டியில் ஏற்ற மறுப்பதாகவும், அதனால்தான் அவை சாக்கடைக்குப் போகின்றன என்றும் தெருக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அக்கா எடுக்காமல் விட்ட எங்கள் பையையும் சாக்கடை ஓரத்தில்தான் போட்டிருந்தோம். பணி மறுப்புக்கு விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை தயார் செய்யும்படி செயல் அலுவலர் என்னிடம் சொல்லியிருந்தார். ஒப்பந்த வேலை. அந்த ஒரு தாள் போதும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

செயல் அலுவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. இதோட முடிச்சுக்கலாம்" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "எழுதுங்க மேடம். நான் சொல்றதையும் அதுலயே எழுதுங்க. குப்பைய எடுக்க மாட்டேன்னு நான் சொல்லலை. தனியா சுத்திக் குடுத்தா எடுக்கறேன். சோத்தோட, கண்ணாடியோட கலந்து கட்டிக் குடுத்தா, அதைப் பிரிக்கறது என் கைதான். கையுறை கேட்டு எத்தனையோ தடவை வந்துட்டேன். என் புள்ளைக்குப் பத்து மாசம். அது பேண்டதை நான் கழுவறேன், எனக்கு அசிங்கம் இல்லை. ஊருல இருக்கற எல்லாப் புள்ளைங்களோடதையும் வெறுங்கையில அள்ளிட்டுப் போய், அதே கையால எம்புள்ளைக்குச் சோறு ஊட்டணும்னா, அது என்னால ஆவாது."

செயல் அலுவலர் ஏதோ சொல்வதற்குள் அக்கா குனிந்து பக்கெட்டைத் துணியால் மூடினார். மூடும்போது என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "எது யார் வூட்டுப் பைன்னு நான் யார்ட்டயும் சொல்லலை மேடம்" என்றார்.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது. ஆண்டிமடத்தில் முந்திரிக்காட்டுக் கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர் என் அம்மா. கிழிந்த புடவைத் துண்டுகளில் வளர்ந்தவள் நான். என் மகள் ஒரு நிமிடமும் ஈரத்தில் கிடக்கக் கூடாது என்பது என் வைராக்கியம். ஒவ்வொரு டயபர் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் எதையோ ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அந்த ஜெயிப்பை முடிச்சுப் போட்டுத் தினமும் யார் கையில் கொடுத்தேன் என்று யோசித்ததே இல்லை.

"சார், அந்தப் பச்சைப் பை என் வீட்டோடது" என்றேன். குறிப்பாணையை எழுதவில்லை. அக்கா சொன்னதை அப்படியே வாக்குமூலமாக எழுதி, கையுறை வழங்கியதற்குப் பதிவேட்டில் பதிவில்லை என்பதையும் கீழே குறித்து, கோப்பைச் செயல் அலுவலர் முன் வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "நீங்க யார் பக்கம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "மூணாவது வார்டுல குடியிருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலை வீட்டில் இன்னொரு சண்டை. துணி டயபர் வாங்கப் போகிறேன் என்றதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்திருந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காட்டு வேலைக்குப் போயிட்டு வந்து உன் பீத்துணிய அலசினேனே, நீயும் அதையே செய்யணும்னா படிக்க வெச்சேன்?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பழமை நல்லது என்று யாராவது பாடம் எடுத்தால் எனக்கும் கோபம்தான் வரும். அந்தப் பழமையில் அலசியது முழுக்க பெண்களின் கைகள். அதனால் என் கணவர்தான் அலசுவது என்று முடிவாயிற்று. அரியலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் அவர். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் மொட்டைமாடியில் வரிசையாக உலர்த்திவிட்டுப் போவார். எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார். இவரும் சிரித்துக்கொண்டே அடுத்த துணியை உதறுவார். மழைக்காலத்தில் காயாமல் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தோம். பஸ்ஸில் நெடுந்தூரம் போகும்போது கடை டயபர்தான். அதையும் கழிவறையில் தட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுத்தோம். சுத்தபத்தினி வேஷமெல்லாம் எனக்கு வேண்டாம்.

அக்காவின் வேலை போகவில்லை. மற்ற வார்டுப் பணியாளர்கள் ஒன்பது பேரும் அவருடைய வாக்குமூலத்தின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கையுறைகள் வந்தன. டயபரைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வண்டிகள் போயின. ஆனால் அக்காவை ஊருக்கு வெளியே உரக்கிடங்குக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் விடுப்பு கேட்ட நாளிலெல்லாம் மறுக்க ஏதோ ஒரு காரணம் வந்தது. கிளம்பும் நாளில் அக்கா என்னிடம் வந்து, "அங்க பிரிச்சு வராத வண்டிய நான் உள்ளயே விட மாட்டேன் மேடம்" என்றார். சொன்னபடியே செய்தார். இரண்டு முறை வண்டியைத் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் அரியலூரில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் இரண்டாவது குழந்தை பிறந்தது. பிரசவ அறைக்கு நான் துணி டயபர்களை எடுத்துப் போயிருந்ததைப் பார்த்து அங்கிருந்த செவிலியர் சிரித்தார். "கவர்மென்ட் வேலையில இருக்கீங்க, இதுல போய் எதுக்குங்க இந்தச் சிக்கனம்?"

"சிக்கனம் இல்லீங்க சிஸ்டர்" என்றேன். "கடை டயபரைக் கடைசியா கையால அள்ற ஆளு யாருன்னு எனக்குத் தெரியும்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். ஒரு துணியை விரித்து, எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.