வந்தாலும் வெளியே, நின்றாலும் வெளியே

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு தொடங்கிய நாளிலிருந்து நாலு வருடமாக ராமக்காள்தான் சமையல். மாதத்தில் மூன்று நாள் மட்டும் அடுப்பண்டை விடமாட்டார்கள். தீட்டாம். அந்த நாட்களில் வெயிலில் உட்கார்ந்து விறகு பிளப்பாள். அவள் தொட்ட விறகுக்குத் தீட்டில்லை! எந்த மகராசன் வகுத்த நியாயமோ.

நாற்பத்தொன்பதாவது வயதில் அது நின்றது. அதன்பிறகு நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகத்துக்கு ஏறும். ரவிக்கை தொப்பலாய் நனையும். கரண்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடுவாள். ஒட்டுவியாதி என்று ஊர் கிசுகிசுத்தது.

அமைப்பாளர் சென்னப்பன் ஒரு டப்பாவோடு வந்தார்.

"சோயா பவுடர். என் மச்சான் சேலத்துல விக்கறாரு. மூணு மாசம் குடி, நின்னது திரும்ப வந்துரும். அதுவரைக்கும் வேற ஆளு சமைக்கட்டும்."

"அந்த ஆளு உங்க கொழுந்தியாதானுங்களே?" என்றாள் உதவிக்கு இருந்த கோவிந்தம்மாள்.

அன்று மாலையே ராமக்காள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி நர்ஸ் லூர்து மேரியிடம் போனாள்.

"இது நோயில்லக்கா, ஒட்டாது. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான். சோயாவும் பயறு மாதிரிதான், தின்னா சத்து. சூடு தணியுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா நின்னதைக் கொண்டாந்துரும்னு சொல்றது பொய்."

மறுநாள் சென்னப்பன் வரும்போது உலை கொதித்துக்கொண்டிருந்தது. ராமக்காள் டப்பாவை அவர் முன்னால் வைத்தாள்.

"வந்தப்போ மூணு நாள் வெளிய நிறுத்துனீங்க. நின்னதும் மொத்தமா வெளிய போங்கறீங்க. அது வரணுமா, வேணாமா? ஒரு முடிவுக்கு வாங்க சார்."

"பொம்பளை பேசற பேச்சா இது?"

"டப்பாவோட வந்து பேச்செடுத்தது நீங்க. என்னை வேலைய விட்டு எடுக்கறதுன்னா காரணத்தைக் காயிதத்துல எழுதிக் குடுங்க. தருமபுரி கலெக்டர் ஆபீசுல நானே நீட்டறேன்."

சென்னப்பன் பேனாவைத் திறந்தார். வாயால் சொல்லவே கூசும் சங்கதியைக் கையெழுத்துப் போட்டு எப்படி எழுதுவது? மூடிச் சட்டைப்பையில் செருகினார். டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புப் பக்கம் நடந்தார்.

அனல் ஏறியது. ராமக்காள் ஓடவில்லை. அடுப்படியிலேயே ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"கோவிந்தம்மா, அடுத்த மாசத்துல இருந்து நீயும் விறகு பொளக்கப் போவாத. அந்த மூணு நாளும் இங்கதான் வேலை. கேட்டா என்னைக் கைகாட்டு. இப்ப அரிசியக் கொண்டா."