கழுவிய சருகு

எண்பதுகளின் நடுவில், புதிதாக வந்த நாட்டில், எல்லர்ஸ்லி என்ற இடத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்குக் குப்பை பொறுக்குகிற வேலை. ஊரில் நான் கணக்கு ரீச்சர். இங்கே கிடைத்தது இதுதான். ஊசியிலை மரங்கள் நிற்கிற சதுப்புக்காட்டுத் தரையிலிருந்து சருகை மூட்டை மூட்டையாக அள்ளி வருவார்கள். இலை, சுள்ளி, பட்டை, உக்கிய கறுப்புத் தூள் என்று பிரித்து, உலர்த்தி, நிறுக்க வேண்டும். அந்த எடைகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், எந்தெந்த மூட்டை ஒரே சாதி என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்துத் தரும்.

வேலை பழக்கியவர் ஒரு மலேசியத் தமிழர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்; பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார். இரண்டு பேருக்கும் தற்காலிக வேலை. ஆண்டு முடிவில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அது கிடைக்காவிட்டால் எனக்கு விசா இல்லை. கணவரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, எங்கள் வீட்டைக் கொளுத்திய ஊருக்கே திரும்ப வேண்டும்.

மூட்டையைத் திறந்தால் ஒரே சேறு. கீரையை மூன்று தண்ணீர் விட்டு அலசாமல் சட்டியில் போடாத வீட்டில் வளர்ந்தவள் நான். சருகையும் அப்படியே அலசினேன். அவர் அலசாமல் பிரிப்பதைக் கண்டு, ஆம்பிளைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். நான் குழாயடியில் ஓடவிட்டது சேறல்ல, அந்த உக்கிய கறுப்புத் தூள் என்பது பிறகுதான் தெரிந்தது. முக்கியமாக நிறுக்க வேண்டியதே அதைத்தான். அவர் என் தொட்டியை எட்டிப் பார்ப்பார். "ரொம்ப சுத்தம், தங்கச்சி" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

முடிவு வந்தபோது ஒரே காட்டுச் சருகு இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் முழுக்க அவர் பிரித்த மூட்டைகள், மற்றதில் முழுக்க, கறுப்புத் தூள் கழுவிப்போன என்னுடையவை. கம்ப்யூட்டர் காட்டை விட்டுவிட்டு எங்களைப் பிரித்திருந்தது. மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, என்னைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாது என்றார்.

பின்னேரம் பாபகூரா போகிற ரயிலுக்கு நிற்கும்போது மலேசியக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணை, நான் கழுவுறதைக் கண்டனீங்கள்தானே? ஏன் சொல்லேல்லை?"

"முதல் வாரமே பார்த்தேன்." கொஞ்சமும் கூசவில்லை மனுசன். "சொல்லியிருந்தா நீதான் நிரந்தரம் லா. என்னைவிட வேகமா பிரிக்கிற."

மழை தூறத் தொடங்கியது. "குடை இருக்கா தங்கச்சி?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"ஓம்" என்றேன். இவர் செத்துப்போகட்டும் என்று மனதார நினைத்தேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. ரயில் வந்தது. ஏறி, என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.