முட்டை பூசிய மரம்

மார்கழியில் திருவெம்பாவை விரதம் வருகிற பத்து நாளும் அம்மாவுக்கு ஒரு நேரச் சாப்பாடுதான். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. முட்டையும் அவருடைய கணக்கில் மச்சம். போன வருடம் அந்தப் பத்து நாளுக்கு நடுவில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், வந்து மாட்டிக்கொண்டது. அக்கா கட்டப்போகிறவரின் வீட்டுக்கு நத்தாருக்கு முதல்நாள் மத்தியானம் முதன்முதலாகப் போக அம்மா ஒப்புக்கொண்டிருந்தார். அவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர், லண்டனில் குரோய்டன் பக்கம் இருக்கிறார்கள். நாங்கள் வெம்பிளிச் சைவர்கள். அந்த ஒப்புதலை வாங்கவே அக்காவுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

"வாறன். ஆனா அங்க ஒண்டும் வாயில வைக்க மாட்டன். விரதம்," என்று சொல்லிவிட்டார் அம்மா.

சம்பந்தம் பேசுகிற வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்மதம். நனைக்காமல் எழும்பி வந்தால் அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அக்கா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். பொறுமையில்லாத பிறவி நான். கதவுக்கு வெளியே நின்றபடியே போனில் தேடி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

"அக்கா, கதவைத் திற. அம்மா சாப்பிடக்கூடிய ஒண்டை நானே செய்து கொண்டுவாறன்."

"நீயோ? நீ தேத்தண்ணி போட்டாலே வீடெல்லாம் எரிஞ்ச மணம் மணக்கும்."

ரோல்ஸும் பற்றிஸும் எல்லா வீட்டிலும் உண்டு. நான் கண்டுபிடித்தது பேஸ்ட்ரியில் ஒரு நத்தார் மரம். கடையில் சுருட்டி விற்கிற பேஸ்ட்ரித் தாள் இரண்டு வேண்டும். ஒன்றின் மேல் கிழங்குக் கறியைப் பரப்பி, மற்றதால் மூடி, மரமாக வெட்ட வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் கீறிக் கிளைகளாக்கி, ஒவ்வொரு கிளையையும் இரண்டு முறுக்கு முறுக்கி அவன் அடுப்புக்குள் தள்ளினால் சரி. நடுவில் வைத்தால் ஆளாளுக்கு ஒரு கிளை முறித்துச் சாப்பிடலாம். சாப்பாட்டையே பங்குபோடுகிற மாதிரிச் செய்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை.

பேஸ்ட்ரிப் பெட்டியின் பின்பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். பால்கூட இல்லை. கிழங்கை அவித்து மசித்து, கரட்டும் லீக்ஸும் வதக்கி, மிளகுதூளும் கறிவேப்பிலையும் போட்டேன். வெங்காயம் இல்லை, உள்ளிப்பூண்டு இல்லை. லீக்ஸுக்கும் வெங்காயத்துக்கும் உள்ள சொந்தத்தை அம்மா இதுவரை ஏற்றுக்கொண்டதில்லை, நானும் அதைக் கிளறவில்லை. கறி சூடாக இருக்கும்போதே அவசரப்பட்டுப் பரப்பியதால் தாள் இளகிவிட்டது. முதல் கிளையை முறுக்கியதுமே அது கையோடு வந்தது. தட்டோடு தூக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் குசினிக்குள் மேலும் கீழும் நடந்தேன். இறுகிய பிறகு கிளைகள் சொன்னபடி கேட்டன. வெட்டி விழுந்த துண்டுகளில் ஒரு நட்சத்திரம் வெட்டி உச்சியில் ஒட்டினேன். போனில் நான் பார்த்த வீடியோவில் வந்த பெண் கடைசியாகத் தூரிகையால் என்ன பூசினாளோ அதையே நானும் பூசினேன். அரை மணித்தியாலத்தில் மரம் பொங்கி, தேன் நிறத்தில் மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அக்கா காலையிலேயே குரோய்டனுக்கு உதவிக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு ஷிப்ட். நானும் அம்மாவும் ரயிலில் போனோம், தட்டு என் மடியில். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் ஈயத்தாளை விலக்கிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. எப்பிடி இந்த மினுக்கம்? என்ன பூசினனீ?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் தெரிந்தது. பெட்டியை எடுத்து மூன்று தரம் வாசித்த அதே கையால் ஒரு முட்டையை உடைத்து, அடித்து, ஒரு கிளை விடாமல் பூசியிருக்கிறேன். பால் என்று சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருப்பார், சாப்பிட்டிருப்பார், அக்காவின் கலியாணமும் நடந்திருக்கும். ஆனால் விரதக்காரரின் வாயில் முட்டையை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"முட்டை," என்றேன்.

அம்மா ஈயத்தாளை மூடினார்.

"நான் சாப்பிட வேணுமெண்டுதானே செய்தனீ?"

"ஓம்."

"எங்கட வீட்டுச் சாப்பாட்டை அங்க கொண்டுபோய்ச் சாப்பிட்டா, அது அவையின்ர வீட்டில கை நனைக்கிறதோ? படிச்ச பிள்ளை."

இதை நான் யோசிக்கவே இல்லை. முட்டை இல்லாவிட்டாலும் என் மரம் உதவியிராது. குரோய்டன் வரைக்கும் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு அன்ரி. அன்ரி தட்டை இரண்டு கையாலும் வாங்கி மேசையின் நடுவில் வைத்தார். சுற்றிவர கட்லட், மீன் பற்றிஸ், கேக். அம்மா உட்கார்ந்ததும் அன்ரி தயங்கித் தயங்கி ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"விரதமெண்டு பிள்ளை சொன்னவள். பழமெண்டாலும் எடுங்கோ அக்கா."

என்னுடைய அக்கா என்னைப் பார்த்தாள். நான் மரத்தைக் காட்டி, வேலைக்காகாது என்று தலையாட்டினேன். அவளுடைய முகம் விழுந்துவிட்டது.

அம்மா பழத்தைப் பார்த்தார். பிறகு அன்ரியைப் பார்த்தார்.

"பழத்தில பசி போகாது. நான் இண்டைக்கு இன்னும் சாப்பிடேல்ல. சோறு போடுவியளோ?"

அன்ரி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "போடலாம் அக்கா, ஆனா எல்லாம் இறைச்சி காய்ச்சின சட்டியள்."

"புதுசா ஒண்டும் இல்லையோ?"

அன்ரி முன்னறை நத்தார் மரத்தடியில் சுற்றி வைத்திருந்த பெரிய பார்சலைத் தூக்கிவந்து, எங்கள் கண்முன்னாலேயே பேப்பரைக் கிழித்தார். உள்ளே மூன்று சட்டி, மூடிகளோடு.

"மருமகளுக்கெண்டு வாங்கினது. நாளைக்குக் குடுக்க இருந்தன்."

"அவளுக்குச் சமைக்கத் தெரியாது, ஆறுதலாப் பிறகு குடுக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே அம்மா சட்டியைக் கழுவப் போய்விட்டார். ஒரு சட்டியில் சோறு, ஒன்றில் பருப்பு. குசினிக்குள் இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. மஞ்சள் எங்கே, உப்பு எங்கே என்பது மட்டும் கேட்டது. இங்கே எனக்கு அத்தானாகப் போகிறவர் மரத்தின் அடிக்கிளையை முறித்து வாயில் போட்டுக்கொண்டு, "மச்சாள், மரம் நல்லாயிருக்கு, ஆனா ஒரு கிளை குறையுது," என்றார்.

"அது வேகிறதுக்கு முன்னமே விழுந்தது."

பத்து நிமிடத்தில் தட்டில் துகள்தான் மிச்சம். நட்சத்திரத்தை அக்கா எடுத்தாள், ஆனால் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அம்மா மேசைக்கு வந்து, தண்ணீர் தொட்டு, சோற்றைப் பிசைந்து முதல் பிடியை வாயில் வைத்தார். அன்ரி கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார்.

"உப்புக் காணுமோ அக்கா, இன்னும் போடட்டோ?"

"காணும். நீங்கள் ஏன் நிக்கிறியள்? இருங்கோ," என்ற அம்மா, சோற்றுக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார். "இன்னும் கொஞ்சம் பருப்பு விடுங்கோ."

அக்கா நட்சத்திரத்தைக் கடித்தாள்.