சாவு வண்டியை யார் மறிப்பார்கள்?

புதுச்சேரியில் போலீஸ் எந்த வண்டியை வேண்டுமானாலும் மறிக்கும், சாவு வண்டியை மட்டும் மறிக்காது என்பது கண்ணையனின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் இருபது வருஷமாகக் குடித்துவிட்டு ஓட்டினார்.

ஆள் அரியாங்குப்பம். ராஜவேல் என்பவரிடம் வேலை. பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, அமரர் ஊர்தி என்று சாவு வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் வாடகைக்கு விடுவது ராஜவேலின் தொழில். ஊர்திக்கு டிரைவர் கண்ணையன். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே கோபுரம் மாதிரி ஒரு தகரம், சுற்றிலும் சாமந்தி மாலை. அது தெருவில் வந்தால் பஸ்காரன்கூட ஒதுங்கி நிற்பான், போக்குவரத்துப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வழி விடுவார். இவ்வளவு மரியாதை கலெக்டர் காருக்கு உண்டா என்று கண்ணையன் கேட்பார்.

குடிகாரர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அதில் நியாயமும் இருந்தது. வீட்டில் அவர் தொட்டதில்லை. பொங்கலுக்கும் இல்லை, வீராம்பட்டினம் தேருக்கும் இல்லை. வேலை இல்லாத நாளில் சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷன், வேலை இருக்கும் நாளில் மட்டும் குடித்தார். அந்த வேலையோ வண்டி ஓட்டுவது. கூத்தைப் பாருங்கள்!

அது அவர் கேட்டு வாங்கியதும் இல்லை. பாடை கட்டுகிறவர், மேளம் அடிக்கிறவர், டிரைவர் என்று எல்லோருக்கும் சாவு வீட்டார் ஊற்றிக் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால் இறந்தவரை மதிக்கவில்லை என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கண்ணையன் இந்த வேலைக்கு வந்த முதல் நாள், கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணின் உடலை ஏற்றினார்கள். பின்னால் அந்தப் பெண்ணின் அப்பா கண்ணாடியில் முட்டிக்கொண்டு அழுதார். கண்ணையனுக்குக் கை நடுங்கி கியரே விழவில்லை. யாரோ ஒரு டம்ளர் சாராயத்தை நீட்டினார்கள். குடித்தார், காது அடைத்துக்கொண்டது, வண்டி நகர்ந்தது. அன்றைக்கு அடைத்த காதை அவர் பிறகு திறக்கவே இல்லை.

மனைவி அஞ்சலாட்சி மட்டும் விடாமல் கேட்பாள். கண்ணையன் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"வண்டி போறது நடை வேகம். உள்ள படுத்திருக்கறவரு ஏற்கெனவே போய்ட்டாரு. இதுல புதுசா யாரு சாவப் போறாங்க?"

"உள்ள இருக்கறவர யாரு கேட்டா? வெளிய நடக்கறவங்களச் சொல்றேன்," என்பாள் அவள்.

போன வருஷம் மாசியில் ஒரு மதியம், உடலை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். மரப்பாலம் தாண்டியதும் சோதனை. சப் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். வேறு யாருக்கோ காட்டுகிறார் என்று நினைத்து, கண்ணையன் பதிலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கடக்கப் பார்த்தார். ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"எறங்கு. ஊது," என்றார் சப் இன்ஸ்பெக்டர், கையடக்கக் கருவியை நீட்டி.

"சார், இது சாவு வண்டி."

"பொணம் எங்க?"

"எறக்கிட்டு வரேன் சார்."

"அப்போ இது வெறும் வண்டி. ஊது."

கருவி காட்டும் அளவு முப்பதைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கண்ணையன் நூற்றிருபதைத் தாண்டியிருந்தார். வண்டி, மாலையும் கோபுரமுமாக, ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது. மறுநாள் காலையில் சண்முகாபுரத்தில் ஒரு சாவு எடுப்பு இருந்தது. ராஜவேல் சாமிக்கும் போலீசுக்கும் மாறி மாறிக் கும்பிடு போட்டு, கடைசியில் கடலூரிலிருந்து வேறு ஊர்தி பிடித்து அனுப்பினார்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார்.

"குடிச்சிட்டு ஓட்டுனியா?"

"குடிக்கலம்மா. குடுத்தாங்க."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. "யாரு குடுத்தா? வண்டி ஓட்டப் போறவன்னு தெரிஞ்சே ஊத்திக் குடுத்தா, அவங்களுக்கும் இதே தண்டனைதான், தெரியுமா?"

அந்த வீட்டில் மூன்று நாளாக அழுதுகொண்டிருப்பவர்களை எப்படிக் காட்டிக் கொடுப்பது? கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றார் அந்த அம்மா. "இது மொத தடவ. ஆறு மாசம் வரைக்கும் உள்ள போடலாம், பத்தாயிரம் அபராதம் போடலாம், ரெண்டும் சேத்தும் பண்ணலாம். இன்னிக்கு அபராதத்தோட விடறேன். மறுபடி இதே மாதிரி வந்து நின்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அபராதம் பதினஞ்சாயிரம். உன் வண்டியில அடிபட்டு ஒரு உயிர் போச்சுன்னா அது இந்தக் கேஸே இல்ல. அது வேற சட்டம், வேற வருஷக் கணக்கு."

லைசென்ஸை மூன்று மாதத்துக்கு முடக்கி வைத்தார்கள். வெளியே வந்ததும் ராஜவேல் பிடித்துக்கொண்டார். வக்கீல் அவருக்குத் தனியாக ஒரு பயம் காட்டியிருந்தார்.

"கண்ணையா, நீ போதையில எவனயாச்சும் இடிச்சா இன்சூரன்ஸ்காரன் அவனுக்குப் பணத்தக் குடுத்துட்டு, அதத் திருப்பிக் கேட்டு நேரா என் வீட்டு வாசல்ல வந்து நிப்பானாம். அதனால இப்பவே சொல்லிட்டேன். இன்னொரு தடவ மாட்டுனா நீ ஜெயிலுக்குப் போ, எங்க வேணா போ. என் வண்டிப் பக்கம் வராத."

"மாட்ட மாட்டேன் மொதலாளி," என்றார் கண்ணையன். இந்த வயதில் வேறு எந்த வண்டியைத் தேடுவது?

அந்த மூன்று மாதமும் சிலம்பரசன் என்ற இளவட்டம் ஊர்தியை ஓட்டினான். கண்ணையன் ஐஸ் பெட்டி தூக்கினார், பந்தல் போட்டார், ஊர்வலத்தில் வண்டிக்கு முன்னால் பொரி இறைத்துக்கொண்டு நடந்தார். இருபது வருஷத்தில் அந்த வண்டியை முன்னால் இருந்து அவர் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். மேளக்காரர்கள் வண்டிக்கு முதுகைக் காட்டி ஆடுகிறார்கள். கொள்ளிச் சட்டி ஏந்திய மகன் அழுதபடி, எங்கே நடக்கிறோம் என்று தெரியாமல் நடக்கிறான். பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வேறு சாங்கியம். அத்தனை பேரின் குதிகாலுக்கும் நாலடி பின்னால் வண்டி. அதற்குள், சாவு வீட்டார் ஊற்றியதை வாங்கிப் போட்டுக்கொண்ட ஒருத்தன்.

தேங்காய்த்திட்டில் ஒரு நாள் வண்டி குலுங்கி ஒரு எட்டு முன்னால் பாய்ந்தது. பம்பர் கண்ணையனின் முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. பொரித் தட்டோடு குப்புற விழுந்தார். தலையைத் திருப்பினால் சக்கரம் முகத்துக்கு நேராக நின்றிருந்தது. பிரேக்கை மிதிக்கச் சிலம்பரசனுக்கு எப்படியோ ஞாபகம் வந்திருக்கிறது. கூட்டத்தில் ஒருத்தர், "கண்ணையன் காலையிலயே போட்டுட்டாருடா!" என்றார். எல்லோரும் சாவை மறந்து சிரித்தார்கள். அன்றைக்கு அந்த ஊர்வலத்தில் சொட்டுக்கூடக் குடிக்காதவர்கள் இரண்டே பேர், ஒருவர் கண்ணையன், இன்னொருவர் கண்ணாடிக்குள் படுத்திருந்தவர்.

வீட்டில் அஞ்சலாட்சி முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். 'வெளிய நடக்கறவங்க' என்று அவள் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

லைசென்ஸ் திரும்ப வந்தது. ஆனால் பயமும் கூடவே வந்தது. ஜெயிலைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்குள் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. குடிக்காமல் அந்த வண்டியை ஓட்ட முடியுமா? முதல் நாள் ஒன்றைத் தவிர அவர் முயற்சி செய்து பார்த்ததே இல்லை. அந்த ஒரு நாளிலும் முடியவில்லை.

முதலில் வந்தது முதலியார்பேட்டையில் ஒரு சாவு. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். மூத்த மகன் ராஜ்கமல் ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டியருகே வந்தான்.

"வேணாம் தம்பி," என்றார் கண்ணையன்.

"இன்னாண்ணே, எங்கப்பா சாவுக்கு வாய நனைக்க மாட்டியா? அவரு உனக்கு அவ்ளோ கேவலமாப் போய்ட்டாரா?"

"அப்டி இல்ல தம்பி. கேஸ் இருக்கு. இன்னொரு தடவ மாட்டுனா ரெண்டு வருஷம். ஊத்திக் குடுத்த உனக்கும் அதேதான்னு கோர்ட்டுல சொல்றாங்க. கொள்ளி வெக்க வேண்டிய புள்ள நீ, கூண்டுல வந்து நிக்கணுமா?"

ராஜ்கமல் முறைத்தான். பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். டிரைவர் திமிர் பிடித்தவன் என்று அவன் சித்தப்பாவிடம் சொன்னது கண்ணையன் காதில் நன்றாக விழுந்தது. காதில் விழுந்ததுதான் புதுசு.

வண்டியில் உடலை ஏற்றினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அந்தப் பெரியவரின் மனைவி மட்டும் இரண்டு பேர் கையை உதறிவிட்டு டிரைவர் ஜன்னல் பக்கம் வந்தார். அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் ஊருக்கு அனுப்புகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"பாத்து ஓட்டுப்பா. வேகமாப் போனா அவருக்கு மயக்கம் வரும்."

"சரிம்மா," என்றார் கண்ணையன்.

கியர் விழுந்தது. கை நடுங்கியது, ஆனாலும் விழுந்தது. மேளச் சத்தம், பின்னால் கண்ணாடியில் யாரோ தட்டித் தட்டி "அப்பா, அப்பா" என்றது, சாமந்தி வாசனை, எல்லாம் ஒன்று விடாமல் வந்து சேர்ந்தது. இருபது வருஷத்தில் எத்தனை பேர் இப்படி ஜன்னலருகே வந்து என்னென்ன சொல்லியிருப்பார்கள்! ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. கண்ணையனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துடைக்க ஒரு கையை எடுத்தால் வண்டி ஆடுமே என்று துடைக்காமலே ஓட்டினார். வேட்டி நனைந்தது. முன்னால் நடந்தவர்களின் குதிகாலை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. சுடுகாடு வரைக்கும் ஒரு இடத்தில்கூட வண்டி குலுங்கவில்லை.

திரும்பி வரும்போது மரப்பாலத்தில் சோதனை. அதே சப் இன்ஸ்பெக்டர். இந்த முறை கண்ணையன் தானாகவே ஓரங்கட்டினார்.

சப் இன்ஸ்பெக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது, இமை வீங்கியிருந்தது.

"இன்னாய்யா, திருந்தவே மாட்டியா? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே. இந்தத் தடவ உள்ளதான் போவ. ஊது."

கண்ணையன் ஊதினார். சைபர்.

கருவியில்தான் ஏதோ கோளாறு என்று சப் இன்ஸ்பெக்டர் இன்னொன்றை எடுத்துவரச் சொன்னார். கண்ணையன் மறுபடியும் ஊதினார். மறுபடியும் சைபர். சப் இன்ஸ்பெக்டர் காலி வண்டியை ஒரு முறை பார்த்தார், நசுங்கிக் கிடந்த மாலையைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"யாரு, சொந்தக்காரங்களா?"

"இல்ல சார்," என்றார் கண்ணையன். "வேகமாப் போனா அவருக்கு மயக்கம் வருமாம்."