நாட்டாமை விழுந்த கும்பிடு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் காஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்னசேலம் பக்கத்து ஊரொன்றில், ஆடித் திருவிழாவில் சாமி வந்ததாக நடித்த பெண்ணுக்கு இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டதாம்.

"படுத்த படுக்கையாம் சார். பாத்துட்டு வந்த ஆளே இங்க ஒக்காந்து சொன்னாரு."

மறுநாள் போனேன். படுத்த படுக்கையான இருசம்மாள் மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. விஷயத்தைச் சொன்னதும் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"நல்லா பாத்துக்குங்க சார், ரெண்டும் இருக்குது. நடிச்சேன்றது பொய்யி. ஆடுனேன். அதான் நெசம்."

அந்த ஊரில் ஆண்கள் ஆடக் காரணமே வேண்டாம். ஒரு குவார்ட்டர் போதும். சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு சாக்கடையில் விழும்வரை ஆடலாம். அதற்குப் பெயர் பக்தி. பெண் ஆடுவதென்றால் சாமி வந்தாக வேண்டும். அம்மன் பொறுப்பில் ஆடினால் அருள், சொந்தப் பொறுப்பில் ஆடினால் அசிங்கம். இருசம்மாள் முப்பது வருடம் காலை அடக்கிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் நடந்தவர். இந்த ஆடியில் பம்பை முழங்கியதும் ஆடிவிட்டார்.

இங்கேதான் ஊர் நாட்டாமை பிச்சைமுத்து அவசரப்பட்டார். பூசாரி முதலில் விபூதி போட்டு, வந்திருப்பது யார் என்று கேட்க வேண்டும். அதன்பிறகே மற்றவர்கள் விழுந்து குறி கேட்கலாம். பிச்சைமுத்துவுக்கோ கோர்ட்டில் வரப்புத் தகராறு. பூசாரியை முந்திக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தாயே, கேசு எப்ப முடியும்?" என்றார்.

அப்புறம்தான் பூசாரி வந்து கேட்டார்: "தாயே, யாரு வந்திருக்கிற?"

"யாரும் வரல பூசாரி. நான் இருசம்மா. மேளம் நல்லாருந்துச்சு, ஆடிக்கினு இருக்கேன்."

இருசம்மாள் குடும்பத்துக்குச் சோறு போடுவது பிச்சைமுத்துவின் இரண்டு காணிக் குத்தகை நிலம்தான். மறுநாளே ஆள் வந்துவிட்டது: வந்தது அம்மன்தான் என்று கோயிலில் நின்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் நிலத்தை விட வேண்டும்.

கணவர் வீரமுத்து கெஞ்சினார். "ஒரு வார்த்ததானடி. சொல்லிட்டு வந்துடேன்."

"இத்தினி வயசுல ஒரு நாள் ஆடுனேன்யா. அதயும் நான் ஆடலன்னு சொல்லச் சொல்றியா?"

பிச்சைமுத்துவின் வீட்டு வாசலுக்கே போய், "ஆடுனது நான்தாங்க. நெலத்த எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவர் எடுக்கவில்லை. எடுத்தால், குத்தகைக்காரி காலில் விழுந்தேன் என்று தானே ஊருக்கு ஒப்புக்கொண்டதாகிவிடும். போதாததற்கு, ஒருவேளை வந்தது அம்மனாகவே இருந்துவிட்டால்? கேசு வேறு நிலுவையில் இருக்கிறது. இருசம்மாள் பருவத்தில் விதை போட்டார். சோளம் இப்போது முழங்கால் உயரம். ஊரில் பிச்சைமுத்துவின் பெருந்தன்மையைப் புகழ்கிறார்கள். பெருந்தன்மை என்று நாம் கும்பிடுவதில் பாதி இப்படி வழிதெரியாமல் நிற்கும் அசட்டுத்தனம்தான்.

போன வாரம் பூசாரி மூலம் பிச்சைமுத்துவிடமிருந்து கடைசியாக ஒரு சமாதானம் வந்திருக்கிறது. நிலம் இருக்கட்டும், தான் விழுந்த கும்பிட்டை மட்டும் இருசம்மாள் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். கோயில் வாசலில், நாலு பேர் பார்க்க, ஒரே ஒரு தடவை.

"இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தை பொறக்கட்டும்னு சொல்லி அனுப்பிச்சேன் சார். எந்தத் தைன்னு சொல்லல."