கணினிக்குப் போர்த்திய சாரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, புங்குடுதீவில் எங்கள் வீட்டில் நடந்தது. நெஞ்சு நோகிறது என்று வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கே தம்பி போய்விட்டான். அவன் அறையில் கணினி மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.

அந்த இரைச்சலுக்காக அவனை நான் ஏசாத நாள் இல்லை. எங்கோ சுழலும் நட்சத்திரங்களிலிருந்து ஈர்ப்பலை என்று ஒன்று வருமாம். அதைத் தேடும் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, விருப்பமானவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு விஞ்ஞானிகள் அனுப்புவார்களாம். ஒரே துண்டு இரண்டு பேருக்குப் போகும்; இரண்டு விடையும் ஒத்தால்தான் எடுப்பார்கள். இவ்வளவும் அவன் சொன்னது. நான் எங்கே ஒழுங்காகக் காது கொடுத்தேன்!

செத்தவீட்டுச் சனம் கலைந்ததும் கணினியை நிறுத்தப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஓடட்டும் பிள்ளை. அவன்ரை வேலை நிக்கக்கூடாது."

கடற்காற்றில் உப்புப் பிடித்துவிடும் என்று அவன் இடுப்பில் உடுக்கும் சாரம் ஒன்றால் அதைப் போர்த்தியும் விட்டார். இரைச்சல் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். எனக்கும்தான், பொய் ஏன்?

பத்து மாதம் போனது. ஒருநாள் காலை, தம்பியின் போனுக்கு, அந்தக் கணக்கு நடத்துகிறவர்களின் தளம் வழியாக, முன்பின் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அவரும் வீட்டிலிருந்து கணக்குப் போடுகிறவர்தான். இருவருக்கும் ஒரே துண்டு பல தடவை வந்ததாம். மாதக்கணக்காக எங்கள் விடைகள் யாருடைய விடையோடும் ஒத்துப்போகவில்லையாம். கணினி சூடாகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார். கடைசி வரியில், நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சாரத்தை இழுத்தேன். கணினியில் கை வைக்க முடியாத சூடு. இத்தனை நாளும் தம்பியின் பெயரில் பிழையான விடைகளைத்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உப்புக்காற்றில் பழுதாகி விடைகள் பிழைத்துவிட்டன என்று அம்மாவிடம் சமாளித்தேன். அவர் என் கையிலிருந்த சாரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் சுட்டது.

"நான்தானே மூடி வைச்சனான்" என்றார்.

நிறுத்தி, தூசி தட்டி, திரும்பவும் போட்டோம். ஓடவில்லை. தம்பி இறந்துவிட்டான் என்று அந்த மனிதருக்கு இரண்டு வரி எழுதினேன்.

தம்பிக்கு வாரக்கணக்காக நெஞ்சு நோவு இருந்ததாம். செத்தவீட்டுக்கு வந்த, அவனோடு கூட வேலை செய்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். பக்கத்து அறையில் அவன் நடமாடும் சத்தம் கேட்டால் போதும், எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன். சுகமாக இருக்கிறாயா என்று அவனிடம் கேட்க, அவன் செத்துப் பத்து மாதத்துக்குப் பிறகு, முகம் தெரியாத ஒருவர்தான் வரவேண்டியிருந்தது.