மூன்றுக்கு முன்னால் நான்கு

மில்லில் அவளைக் கொக்கி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். கையில் எந்நேரமும் தட்டையான இரும்புக் கொக்கி ஒன்று இருக்கும், அவ்வளவுதான் காரணம். தறி ஓடினால் துணி வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், பாவில் நீளவாக்கில் சுற்றியிருக்கும் ஐயாயிரத்துச் சொச்சம் நூலையும் ஒவ்வொன்றாகக் கம்பிக் கண்ணுக்குள் இழுத்துவிட ஆள் வேண்டாமா? கம்பிகள் நான்கு சட்டங்களில் தொங்கும். முதல் நூல் முதல் சட்டத்துக்கு, அடுத்தது இரண்டுக்கு, பிறகு மூன்று, நான்கு, மறுபடி ஒன்று. இரண்டு நாளைக்கு இதே பாட்டுதான். இருபத்தொரு வருஷத்தில் அவள் கையில் ஒரு நூல் மாறியதில்லை என்று மில்லே சொல்லும். அவளாக அதைச் சொல்ல மாட்டாள், பிறர் சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

அன்று அவளுக்கு வார விடுமுறை. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று நின்றது. முந்தாநாள் மத்தியானம், பாதிப் பாவைத் தாண்டிய நேரத்தில் மகள் போன் செய்தாள். இடுப்பில் போன் அதிர்ந்த அந்த நொடியில் கொக்கி நான்காம் சட்டத்துக்குப் போய்விட்டு, அப்புறம்தானே மூன்றுக்கு வந்தது? கணக்கு இடிக்காது. நூலும் மிஞ்சாது, கம்பியும் மிஞ்சாது. ஆனால் நெய்யும்போது, சாய்ந்து ஓடும் வரிகளுக்கு நடுவே மெல்லிய கீறல் ஒன்று துணி முடிகிறவரை கூடவே வரும்.

"ஐயாயிரத்துல ஒண்ணு. அதுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றார் புருஷன். அவர் பஸ் ஓட்டுகிறவர்.

"நீங்க ஒரு நாளைக்கு ஐயாயிரம் தடவை பிரேக் போடுறீங்க. ஒரே ஒரு தடவை பிடிக்கலேன்னா?"

அவள் கூட்டின தரையையே மறுபடி கூட்டினாள். பற்ற வைக்காத அடுப்பை அணைக்கப் போனாள். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தறிக் கூடத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். ஜன்னலோரத் தறியில் அவள் கோர்த்த பாவு ஓடிக்கொண்டிருந்தது. கருநீலக் கால்சட்டைத் துணி. குனிந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. அப்பாடா என்று நிமிரும்போது வெளிச்சம் சாய்வாக விழுந்தது. நட்டநடுவில் இருந்தது கீறல்.

சூப்பர்வைசரை இழுத்துவந்து நகத்தை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"ஒண்ணும் தெரியலையே!"

"நல்லாப் பாருங்க சார். தறிய நிறுத்துங்க, ரெண்டு நூலை அறுத்து மாத்திக் கோத்துடறேன். பத்தே நிமிஷம்."

"நிறுத்தினா காரணம் எழுதணும். உன் தப்புன்னு வரும்."

"வரட்டும்."

அவர் அவளைக் கதவுக்கு வெளியே கூட்டிப்போனார். "இங்க பாரும்மா, இதுக்கு முன்னாடியும் மூணு தடவை உனக்கு மாறியிருக்கு. ஓட்டிப் பாக்கும்போதே கண்டுபிடிச்சு நாங்களே சரி பண்ணிட்டோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்டே. உன்னை மாதிரி வேகமாக் கோக்குற ஆள் வேற யாரு இருக்கா? மனசு விட்டுப் போயிடக் கூடாதுன்னுதான்."

"எப்போ சார்? எந்தப் பாவு?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு அவர் போய்விட்டார். வெட்கமா, கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. போன வருஷம் எதிரில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்த பெண் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். தானே கோர்க்கப் பழகினபோது ஒரு நூலை மாற்றிவிட்டாள். "என் கைல இருபது வருஷத்துல நடந்ததுண்டா?" என்று நாலு பேர் முன்னால் இவள் கிழித்த கிழியில், மறுநாளிலிருந்து அவள் வேலைக்கே வரவில்லை.

கொக்கி அக்கா விடுவிடுவென்று உள்ளே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். தறி நின்றது. நெய்கிறவன் ஓடிவந்தான்.

"என்னக்கா ஆச்சு?"

"என் தப்பு. போர்டுல அப்படியே எழுது."

அவன் தயங்கித் தயங்கி எழுதுவதற்குள் இரண்டு நூலையும் அறுத்து, மாற்றிக் கோர்த்து முடிச்சுப் போட்டாள். தறி ஓடத் தொடங்கியது. கீறல் இல்லாத துணி விரற்கடை அளவுக்கு இறங்குகிறவரை பார்த்தாள். பிறகு அவன் காதில் வாய் வைத்துக் கத்தினாள்:

"போன வருஷம் நான் திட்டி அனுப்பினேனே, அந்தப் பொண்ணோட நம்பர் யார்கிட்டயாவது இருக்குமா?"